நட்சத்திர வீரர்கள் குவிந்தும் அணி ஏன் தோற்கிறது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி ஓர் எளிய விளக்கம்

டெக்சஸ் மாநிலத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். அங்கே கைல் ஃபீல்ட் என்ற அரங்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி அங்கே அப்பலாச்சியன் ஸ்டேட் அணியோடு மோதியது. ஏ அண்ட் எம் அப்போது நாட்டின் தரவரிசையில் 6ஆம் இடம். அந்த ஆண்டு அவர்கள் சேர்த்திருந்த புதுமுக வீரர்களின் தொகுதிக்கு, இப்படிப் பட்டியல் போடத் தொடங்கிய நாளிலிருந்து யாரும் வாங்காத உச்ச மதிப்பெண் கிடைத்திருந்தது. எதிரணி வந்தது வட கரோலினா மலைப்பகுதியில் இருக்கும் பூன் என்ற சிற்றூரிலிருந்து. பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து ஆடுவது அங்கே வழக்கம். இந்த ஆட்டத்துக்குக் கொடுத்த தொகை 15 லட்சம் டாலர். அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, 17-14 என்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுப் போனது அப்பலாச்சியன் ஸ்டேட்.

அந்த சீசனை ஏ அண்ட் எம் 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது.

இப்படி ஒன்று நடந்ததும் இரண்டு பேச்சுகள் கிளம்பும். "நட்சத்திர மதிப்பீடு எல்லாம் வெறும் விளம்பரம்" என்பது ஒன்று. "இவ்வளவு நல்ல பையன்களை வைத்துக்கொண்டு தோற்கிறார் என்றால் கோச் லாயக்கில்லை" என்பது இன்னொன்று. அமெரிக்காவில் படிக்கப் போய் இந்த ஆட்டத்தில் ஒட்டிக்கொண்ட நம் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நடக்கிற விஷயம் இவற்றைவிடப் பெரியது, புரிந்துகொண்டால் ஆட்டம் பார்ப்பதே இன்னும் சுவையாகிவிடும். அதனால்தான் அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டம் பற்றி நாலு வரி

அமெரிக்க ஃபுட்பாலில் பந்து முட்டை வடிவம். களத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும்போது ஆடும் குழுவுக்கு ஆஃபென்ஸ் என்று பெயர். தடுக்கும் குழு டிஃபென்ஸ். இரண்டும் வெவ்வேறு ஆட்கள். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த ஒரு விதி தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

கல்லூரி அணிகளுக்கு வீரர்களை ஏலத்தில் எடுப்பதோ குலுக்கலில் பிரிப்பதோ கிடையாது. பள்ளி முடிக்கும் பையன்தான் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று முடிவு செய்வான். அவனை இழுக்கப் பயிற்சியாளர்கள் வீடு தேடி வருவார்கள், அப்பா அம்மாவோடு சாப்பிட்டுப் பேசுவார்கள், கல்லூரிக்கு அழைத்துச் சுற்றிக் காட்டுவார்கள். இந்த வேலைக்குத்தான் ரெக்ரூட்டிங், அதாவது ஆள்சேர்ப்பு என்று பெயர். ஓர் ஆண்டில் ஒரு கல்லூரி சேர்க்கும் இருபது முப்பது பேரை ஒரு 'கிளாஸ்' என்பார்கள். நாம் 'பேட்ச்' என்று சொல்வோமே, அதுதான்.

ஐந்து நட்சத்திரம் என்றால் என்ன?

247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் பள்ளி ஆட்டங்களின் வீடியோ, கோடை முகாம்கள், உயரம், எடை, ஓட்ட வேகம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு பையனுக்கும் இரண்டிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கின்றன. ஐந்து நட்சத்திரம் நாடு முழுவதும் ஆண்டுக்கு முப்பது பேரைச் சுற்றித்தான் கிடைக்கும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரி முடித்த வீரர்களைத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிக்கு டிராஃப்ட் என்று பெயர். அதன் முதல் சுற்றில் 32 இடம். ஆக, ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவர் சொல்வது இதுதான்: "இவன் மூன்று நான்கு ஆண்டு கழித்து அந்த 32 பேரில் ஒருவனாக வருவான் என்று எதிர்பார்க்கிறேன்."

இதில் எங்கேயாவது "இவன் சேரும் அணி ஜெயிக்கும்" என்று இருக்கிறதா? இல்லை. நட்சத்திரம் என்பது தனி ஆள் பற்றிய, பல ஆண்டு தள்ளி நடக்கப் போகிற ஒன்றைப் பற்றிய கணிப்பு. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து "இவள் நல்ல டாக்டராக வருவாள்" என்று சொல்வது போல. பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அந்தப் பெண் வேலை பார்க்கப் போகும் ஆஸ்பத்திரி எப்படி நடக்கும் என்று அந்த மார்க் ஷீட்டில் எழுதியிருக்காது.

கணிப்பு சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து நட்சத்திரக்காரர்களில் டிராஃப்டுக்குப் போகிறவர்களின் பங்கு மூன்று நட்சத்திரக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியென்றால் ஜே.ஜே. வாட் போன்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். வாட் இரண்டு நட்சத்திரப் பையன். சென்ட்ரல் மிச்சிகன் கல்லூரியில் பந்து பிடிக்கும் இடத்தில் ஆடிவிட்டு, அதை விட்டுவிட்டு ஸ்காலர்ஷிப் இல்லாமலே விஸ்கான்சின் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைத் தற்காப்பு வரிசைக்கு மாற்றினார்கள். 2011 டிராஃப்டில் 11ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, அப்புறம் மூன்று முறை லீகின் தலைசிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கினார். இது மதிப்பீட்டின் தோல்வி என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள்: ஐந்து நட்சத்திரம் முப்பது பேர், இரண்டு, மூன்று நட்சத்திரம் ஆயிரக்கணக்கான பேர். நூற்றில் ஒருவர் தேறினாலே அந்தக் கூட்டத்திலிருந்து நிறையப் பேர் வந்துவிடுவார்கள். எந்த நாற்றங்காலிலும் மெலிந்த நாற்று ஒன்று எல்லாவற்றையும் தாண்டி வளரும். அதற்காகத் தேறிய நாற்றைப் பார்த்து எடுப்பதை விவசாயி விடுவதில்லை.

இதுவரை பார்த்தது: நட்சத்திரம் தனி ஆளின் எதிர்காலம் பற்றிய கணிப்பு, மொத்தத்தில் நம்பத்தக்க கணிப்புதான். "ஆள்சேர்ப்பில் நாட்டில் முதலிடம்" என்பது இந்தத் தனித்தனி மதிப்பெண்களைக் கூட்டி வந்த எண். கூட்டும்போது ஒரே இடத்துக்கு நாலு பேரைச் சேர்த்தார்களா, தேவையான இடத்தைக் காலியாக விட்டார்களா என்பது கணக்கில் பெரிதாக வராது.

திறமை உச்சவரம்பைக் காட்டும்

"அப்படியானால் ஆள்சேர்ப்பு முக்கியமில்லையா?" முக்கியம்தான். இதற்குப் பட் எலியட் என்ற எழுத்தாளர் ஓர் எளிய அளவுகோல் வைத்தார்: ப்ளூ சிப் விகிதம். கடந்த நாலு கிளாஸ்களில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் நாலு அல்லது ஐந்து நட்சத்திரக்காரர்கள் என்ற கணக்கு. பல ஆண்டுகளாக, 2024 சீசன் வரைக்கும், தேசிய சாம்பியனான அணிகள் எல்லாமே இதில் 50 சதவீதத்துக்கு மேல்.

அந்த வரம்புக்குக் கீழே இருக்கிற அணி எவ்வளவு தூரம் போகும், எங்கே முட்டும் என்பதற்கு உதாரணம், டெக்சஸில் இருக்கும் டி.சி.யூ. என்ற கல்லூரியின் 2022 சீசன். முந்தைய ஆண்டு 5-7 (5 வெற்றி, 7 தோல்வி) என்று இருந்த அணி, புதுக் கோச் சோனி டைக்ஸ் வந்த முதல் ஆண்டிலேயே இறுதி ஆட்டம் வரை போனது. பார்க்கவே நெஞ்சு நிறைந்த ஓட்டம் அது. இறுதியில் நட்சத்திரங்கள் நிறைந்த ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது.

ஆனால் இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். 50 சதவீதம் தாண்டும் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. கோப்பை ஒன்றுதான். அதுவும் அந்த அணிகளில் பல எஸ்.இ.சி. என்ற ஒரே மாநாட்டில் இருக்கின்றன. மாநாடு என்றால் தங்களுக்குள் கட்டாயமாக ஆடும் கல்லூரிகளின் கூட்டு. அந்த மாநாட்டில் இருக்கும் அலபாமாவும் எல்.எஸ்.யூ.வும் மோதினால் ஐந்து நட்சத்திரங்கள் நிறைந்த ஓர் அணி அன்றைக்குத் தோற்றே ஆக வேண்டும். யாரும் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் "இவ்வளவு ஆள் சேர்த்தும் கோட்டை விட்டார்கள்" என்று பேர் வாங்க நாலைந்து கல்லூரி இருக்கும். நாம் திட்டுவதில் பாதி வெறும் கணக்கின் மேல்தான் விழுகிறது.

மீதிப் பாதி வேறு. ஏ அண்ட் எம் தோற்றது அலபாமாவிடம் மட்டும் இல்லையே. பூனிலிருந்து வந்தவர்களிடமும் தோற்றது. அதற்கு வேறு காரணங்கள் வேண்டும்.

நாற்றுக்கும் கதிருக்கும் இடையில் நாள் இருக்கிறது

2022இல் சேர்ந்த கிளாஸுக்கு 2022இல் எத்தனை வயது? பதினெட்டு. அந்த ஆண்டு "வரலாற்றிலேயே சிறந்த கிளாஸை வைத்துக்கொண்டு 5-7" என்று எழுதியவர்கள், நாற்று நட்ட மாதமே நெல் அளக்க மரக்காலோடு வந்தவர்கள்.

இந்த ஆட்டத்தில் வயதுக்கு இருக்கிற கனம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்வரிசையில் நிற்கும் ஆட்கள் 130, 140 கிலோ. பதினெட்டு வயதில் அந்த உயரம் இருக்கும், எடையும் இருக்கலாம். ஆனால் நாலு வருடம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் உரமேறிய இருபத்திரண்டு வயது ஆளின் தோளும் இடுப்பும் அவனிடம் இருக்காது. தலைக்குள் இருக்க வேண்டியது இன்னும் அதிகம். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, பந்து நகர்வதற்கு முன்பே அடுத்து நடக்கப் போவதை யூகிக்க வேண்டும். அது பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

அன்றைக்கு அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு ஆட்டத்தை நடத்தியவர் சேஸ் பிரைஸ். அவர் கல்லூரிக்கு வந்தது 2017இல். கிளெம்சனில் இருந்தார், டியூக்கில் இருந்தார், அப்புறம் இங்கே வந்தார். அது அவருக்கு ஆறாவது ஆண்டு. அந்த ஆட்டத்தின் எண்களைப் பாருங்கள். அப்பலாச்சியன் ஸ்டேட் 82 முயற்சிகள் ஆடியது, ஏ அண்ட் எம் 38 மட்டும். 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்து விருந்தாளிகள் கையில். மூன்று கஜம், நாலு கஜம், மறுபடி மூன்று கஜம் என்று பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டே போனார்கள். வேகமான பையன்கள் எல்லாம் ஏ அண்ட் எம் பக்கம்தான் இருந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தபடி. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் எத்தனை நட்சத்திரம் இருந்து என்ன?

ஆனாலும் வயதை மட்டும் சொல்லி ஏ அண்ட் எம்மை விட்டுவிட முடியாது. 2019, 2020, 2021 ஆண்டுகளில் அவர்கள் சேர்த்த கிளாஸ்களும் நாட்டின் முதல் பத்துக்குள் வந்தவை. அந்தப் பையன்கள் 2022இல் முதிர்ந்திருக்க வேண்டும்.

ஓட்டைக் குடம்

கிளாஸ் தரவரிசை ஒரு நாளில் எடுத்த புகைப்படம். அதில் இருக்கும் எல்லோரும் நாலு வருடம் இருப்பார்கள் என்ற நினைப்பில் நாம் அதைப் படிக்கிறோம். முன்பெல்லாம் அந்த நினைப்பு ஓரளவு சரி. கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது, அதனால் பையன்கள் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள்.

2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. மாற விரும்பும் வீரரின் பெயரை ஏற்றிவைக்கும் ஒரு பொதுப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஏறியதும் மற்றக் கல்லூரிகள் அவரோடு பேசலாம். 2021இல் முதல் தடவை மாறுகிறவர் உட்கார வேண்டியதில்லை என்று ஆனது. அதே ஆண்டு ஜூலையில் என்.ஐ.எல். வந்தது: வீரர் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2024இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. 2025இலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன.

இது பையன்களுக்கு நியாயமான மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். அரங்கம் நிறைய டிக்கெட் விற்கும்போது ஆடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை என்று இருந்த காலம் போய்விட்டது. ஆனால் கிளாஸ் தரவரிசையின் அர்த்தம் இதனால் அடியோடு மாறிவிட்டது. ஏ அண்ட் எம்மின் 2022 கிளாஸில் ஏழெட்டு ஐந்து நட்சத்திரங்கள். அவர்களில் வால்டர் நோலன் ஓல் மிஸ் போனார். எவன் ஸ்டூவர்ட் ஓரிகன் போனார். எல்.டி. ஓவர்டன் அலபாமா போனார். குடத்தில் எவ்வளவு ஊற்றினோம் என்பது செய்தியாகிறது, மூன்றாம் வருடம் அடியில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்பதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. ஆட்டம் நடப்பது அந்தத் தேங்கிய தண்ணீரில்.

இதுவரை: திறமை உச்சவரம்பைக் காட்டும், அது முதிர நாள் ஆகும், முதிர்வதற்குள் ஒழுகிப் போகலாம். இனி, ஒழுகாமல் முதிர்ந்தவர்களும் ஏன் தோற்கிறார்கள் என்று பார்ப்போம்.

கபடியில் சங்கிலி, இங்கே லைன்

கபடி தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரெய்டர் உள்ளே வரும்போது தடுப்பவர்கள் ஜோடி ஜோடியாகக் கை கோத்து நிற்பார்கள். ஓரத்தில் நிற்கிறவன் கணுக்காலைப் பிடிக்கும் அதே கணத்தில் பக்கத்தில் இருப்பவன் மேலே விழ வேண்டும். அரை நொடி பிந்தினால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவான். கையைக் கோத்திருப்பவர்கள் இருவருமே நட்சத்திரமாக இருந்தாலும், நேற்றுத்தான் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள் என்றால் சங்கிலி அறும்.

ஃபுட்பாலில் அந்தச் சங்கிலிக்கு ஆஃபென்சிவ் லைன் என்று பெயர். ஐந்து பெரிய ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக், ஆட்டத்தின் மூளை. அவருக்கு மூன்று நொடி அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் ஐந்து பேரின் வேலை.

அந்த மூன்று நொடிக்குள் அடிக்கடி நடக்கிற ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். எதிரே தற்காப்பு வீரர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். பந்து நகர்ந்ததும் உள்ளே நிற்பவன் வெளிப்பக்கமாகப் பாய்கிறான். வெளியே நின்றவன் ஓர் அடி பின்வாங்கி, அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருகிறான். இப்போது லைனில் இருக்கும் இருவரும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். "இவனை நீ எடு, அவன் எனக்கு." வாயால் சொல்ல நேரம் கிடையாது. பக்கத்தில் இருப்பவனின் தோள் லேசாகத் திரும்புவதை உரசலிலேயே உணர்ந்து, கையிலிருக்கும் ஆளை அவனிடம் தள்ளிவிட்டு, வருகிறவனை எதிர்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் ஆடியவர்களுக்கு இது மூச்சு விடுவது போல. புதிதாகச் சேர்ந்தவர்கள் இருவரும் ஒருவனையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மற்றவன் யாரும் தொடாமல் ஓடிப் போய்க் குவார்ட்டர்பேக்கை நெஞ்சில் மோதுவான். வெளியே முப்பது கஜத்தில் ஐந்து நட்சத்திரப் பையன் ஆளே இல்லாத இடத்தில் கையை உயர்த்திக்கொண்டு நிற்பான். பந்து அவனுக்கு வரவே வராது. மறுநாள் புள்ளிவிவரத்தில் அவன் "சோபிக்கவில்லை".

காயத்தால் லைனில் ஓர் ஆள் மாறினாலும், குவார்ட்டர்பேக் மாறினாலும் இந்த ஒத்திசைவைப் பாதியிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். 2022இல் ஏ அண்ட் எம் ஹெய்ன்ஸ் கிங், மேக்ஸ் ஜான்சன், கானர் வீக்மன் என்று மூன்று குவார்ட்டர்பேக்குகளோடு ஆடியது.

நல்ல ஆள், தவறான திட்டம்

திட்டம் மாறுவதும் இதே வகைதான். 2008இல் மிச்சிகனுக்கு ரிச் ராட்ரிகஸ் கோச்சாக வந்தார். அவருடைய பாணியில் குவார்ட்டர்பேக் ஓட வேண்டும், ஆட்டம் களத்தின் அகலம் முழுக்கப் பரவ வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ நின்ற இடத்திலிருந்து எறியும் பாணிக்கென்று முந்தைய கோச் சேர்த்து வைத்த ஆட்கள். நெடிய உருவமும் பலத்த கையும் கொண்ட ரையன் மாலட் என்ற குவார்ட்டர்பேக் அர்கன்சாஸ் கிளம்பிப் போனார். மிச்சிகன் 3-9. தச்சனுக்கு வாங்கிய கருவியைக் கொல்லனிடம் கொடுத்தது போல. கருவி நல்ல கருவிதான்.

கோச்சைக் குறை சொல்பவர்கள் சரியாகச் சொல்வது இந்த இடத்தில்தான். கையில் இருக்கும் ஆட்களுக்கு ஏற்றபடி திட்டத்தை வளைப்பதும், பதினெட்டு வயதுக்காரனை இருபத்தொன்றில் வேறு ஆளாக்குவதும் கோச்சின் வேலை. ஏ அண்ட் எம்மின் கோச் ஜிம்போ ஃபிஷர் எந்த முயற்சியில் எந்த ஆட்டம் என்று சொல்லும் பொறுப்பைத் தன் கையிலேயே வைத்திருந்தார். 2022இல் அணி ஓர் ஆட்டத்துக்கு 23 புள்ளிகூட எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு பாபி பெட்ரினோவைக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் ஃபிஷரையே அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல்.

"நட்சத்திரப் பையன்களுக்குப் பசி இல்லை, காசு வந்ததும் ஆட்டம் போய்விட்டது" என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் அடிபடுகிறது. இதை நான் ஏற்பதில்லை. தோற்ற அணியைப் பார்த்துத் தோற்ற பிறகு சொல்கிற விளக்கம் இது. அதே பையன்கள் ஜெயித்திருந்தால் "பெரிய ஆட்டத்துக்குப் பிறந்தவர்கள்" என்று அதே வாய் சொல்லியிருக்கும். முன்கூட்டிச் சரிபார்க்க வழியில்லாத விளக்கத்தால் நமக்கு ஒன்றும் தெரிய வராது.

பந்து எந்தப் பக்கம் உருளும்?

இன்னொன்று அதிர்ஷ்டம். சாக்குப்போக்கு மாதிரி கேட்கும், அதனால் எண்களோடு சொல்கிறேன்.

2022இல் ஏ அண்ட் எம் 12 ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் 273. எதிரணிகள் அவர்களுக்கு எதிராக எடுத்தவை 254. எடுத்தது அதிகம், கொடுத்தது குறைவு, ஆனாலும் 5-7. எப்படி? தோற்ற 7 ஆட்டங்களில் 5 ஆட்டம் ஆறு புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசம். அக்டோபரில் அலபாமாவோடு கடைசி முயற்சி நடக்கும்போது அலபாமா 24, ஏ அண்ட் எம் 20, பந்து புள்ளி எடுக்கும் கோட்டிலிருந்து இரண்டு கஜத்தில். ஹெய்ன்ஸ் கிங் ஓரத்துக்கு எறிந்தார், எவன் ஸ்டூவர்ட் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு பந்து சேர்ந்திருந்தால் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும் விதமே மாறியிருக்கும். அணியின் திறமை மட்டும் மாறியிருக்காது.

சீசனுக்கு 12 ஆட்டம் என்பது மிகக் குறைவு. பேஸ்பால் அணிகள் 162 ஆடுகின்றன. அத்தனை ஆட்டத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். இங்கே மூன்று ஆட்டம் கோணலாகப் போனால் சீசனே கோணல். பந்தும் முட்டை வடிவம், தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கைநழுவி விழுந்த பந்தைப் பொறுக்குவது கிட்டத்தட்ட பூவா தலையா.

இன்டியானா செய்தது

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இன்டியானாவை வைத்துப் பார்க்கலாம். கல்லூரி ஃபுட்பாலில் அதிகம் தோற்ற அணிகளில் ஒன்று என்று பேர் எடுத்த கல்லூரி. 2023இல் 3-9. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார், முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து 13 வீரர்களையும் கூடவே அழைத்து வந்தார். 2024இல் 11-2. 2025 சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 16-0. இறுதியில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன். ப்ளூ சிப் விகிதம் 50க்குப் பக்கத்தில்கூட இல்லை. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பள்ளியில் யாரும் பெரிதாகத் தேடாத பையன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு வந்தவர். அந்த ஆண்டின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்கு.

இதைப் பார்த்து "நட்சத்திரம் செத்தது" என்று எழுதுகிறார்கள். மேலே சொன்னதை எல்லாம் இதில் பொருத்திப் பாருங்கள். சிக்னெட்டி ஆள்சேர்ப்பைக் கைவிடவில்லை. பதினேழு வயதில் கணிப்பதற்குப் பதில் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் களத்தில் செய்து காட்டியதைப் பார்த்து ஆள் எடுத்தார். மற்றக் கல்லூரிகளுக்கு ஒழுகும் இடமாக இருந்த போர்ட்டல் அவருக்கு ஊற்று. சேர்ந்து ஆடிப் பழகியவர்களையே கூட்டமாகக் கொண்டுவந்ததால் கபடிச் சங்கிலி ஏற்கெனவே பின்னியிருந்தது. திட்டமும் அவர்களுக்குப் பழைய திட்டம். பள்ளி நட்சத்திரங்களை மட்டும் எண்ணும் விகிதத்தில் இதில் எதுவும் தெரியாது.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்?

இனி 2022 ஏ அண்ட் எம் கிளாஸுக்கு வருவோம். மதிப்பீடு தப்பா?

2025 ஏப்ரல் 24, கிரீன் பே நகரில் டிராஃப்ட், முதல் சுற்று. 16ஆவது இடத்தில் அரிசோனா கார்டினல்ஸ் வால்டர் நோலனை எடுத்தது. அடுத்தது, 17ஆவது இடத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஷெமார் ஸ்டூவர்ட்டை எடுத்தது. இரண்டு பேரும் அந்த கிளாஸ். நோலன் இரண்டு வருடம் காலேஜ் ஸ்டேஷனில் இருந்துவிட்டு ஓல் மிஸ் போய், அங்கே நாட்டின் தலைசிறந்த தற்காப்பு வீரர்களில் ஒருவரானவர். ஷெமார் கடைசி வரை ஏ அண்ட் எம்மிலேயே இருந்தவர். மூன்று ஆண்டில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தியதற்கு அவர் கணக்கில் இருந்தது நாலரை. அந்த எண்ணுக்கு யாரும் முதல் சுற்றில் எடுப்பதில்லை. அவருடைய உடலையும் வேகத்தையும் பார்த்து, இனிமேல் என்ன ஆவார் என்று கணித்துத்தான் எடுத்தார்கள், பதினேழு வயதில் அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் கணித்தது போலவே.